எலும்பின் உள்ளமைப்பும் எக்ஸ் கதிர்ச் சிதறலும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதி வரும் நாம் விஞ்ஞானம் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியோர் இல்லாத வரிசை நம் காலனியில் ஒன்றேனும் உண்டா?

1895ஆம் ஆண்டு ராண்ட்கன் கண்டறிந்த எக்ஸ் கதிரால் மருத்துவர் எடுக்கும் படம், எலும்பின் நிழலே. அது முறிவைக் காட்டும். அடர்த்தியையும் ஓரளவு உணர்த்தும். ஆனால் ஒத்த அடர்த்தியுடைய இரண்டு எலும்புகளுள் ஒன்று முறியவும் மற்றொன்று தாங்கவும் கூடும். எலும்பினுள் கொலாஜன் என்னும் புரத இழைகள் சுண்ணாம்புச் சத்துள்ள நுண்படிகங்களோடு பின்னிக் கிடக்கின்றன. கயிற்றின் வலிமை நாரின் எடையில் மட்டுமா இருக்கிறது? அதன் முறுக்கிலும் போக்கிலும் அன்றோ! அப்போக்கு நிழலில் தெரியாது.

மெல்லிய மேகத்தினூடே நிலவைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். மேகத்தின் நீர்த்துளி சிறிதாயின் வட்டம் பெரிதாகும். துளி கண்ணுக்குத் தெரியாவிடினும் வட்டத்தைக் கொண்டு அதன் அளவை அறியலாம். எக்ஸ் கதிரும் அவ்வாறே நுண்பொருள்களிற் பட்டுச் சற்றே விலகிச் சிதறுகிறது. இழைகள் ஒரே திசையில் அணிவகுத்திருப்பின் அச்சிதறல் வட்டமாயிராது ஒருபுறமாக நீளும். ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு நானோமீட்டர். கொலாஜன் இழையின் குறுக்குவரிகள் ஏறத்தாழ 67 நானோமீட்டருக்கு ஒன்றாக அமைந்துள்ளன. அத்துணை நுட்பத்தையும் சிதறல் சொல்லிவிடுகிறது.

2015ஆம் ஆண்டு, ஸ்விட்ஸர்லாந்தின் வில்லிகனிலுள்ள பால் ஷெரர் ஆராய்ச்சி நிலையத்தில் மனித எலும்புத் துண்டொன்றும் பல்லொன்றும் இவ்வாறு ஆராயப்பட்டன. தலைமயிரினும் மெல்லிய கதிர்க்கற்றையைப் புள்ளி புள்ளியாகச் செலுத்தினர். பொருளைத் திருப்பியும் சாய்த்தும் லட்சக்கணக்கான சிதறற் படங்களைப் பதிந்தனர். பின்னர் கணிப்பொறியின் துணையால், உள்ளே ஒவ்வோரிடத்திலும் இழைகள் எத்திசை நோக்குகின்றன என்பதை, பொருளை அறுக்காமலே வரைந்து காட்டினர். ஆனால் இதற்குச் செலவாகும் கதிர்வீச்சை உயிருள்ள உடல் தாங்காது. ஆகவே, நாளையே ஆஸ்பத்திரிக்குச் சென்று இந்தப் படம் வேண்டுமென்று கேட்டு நிற்காதீர்கள்! இப்போதைக்கு இது ஆராய்ச்சிக் கூடத்துத் துண்டுகளுக்கே உரியது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. அந்தக் கொலாஜன் மூன்று புரிகளாகத் திரிந்தது என்ற அமைப்பை, 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் வெளியிட்டார். பல கோணங்களில் எடுத்த நிழல்களிலிருந்து முழு உருவத்தை மீட்பதற்கு விரைவான கணக்குமுறை ஒன்றை, 1971இல் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து தந்தவரும் அவரே.