சுண்ணாம்பு தடவிய கலயம்

அன்னவாசல் பக்கம் வருகிறவர்கள் சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வண்டியேறி விடுகிறார்கள். கண்மாய்க் கரைப் பனைகளை ஏறிட்டுப் பார்ப்பவர் குறைவு. அந்தப் பனையில் கட்டும் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் காலையில் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் கள், இறக்கியவர் மேல் வழக்கு. மரமும் அதுதான், பாளையும் அதுதான்.

கள் இறங்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும். ஆண்பனையின் பாளையைக் கடிப்பால் இடுக்கி நசுக்குவார்கள். பிறகு பாளை அரிவாளால் நுனியைச் சீவி, கீழே கலயத்தைக் கட்டுவார்கள். காலையும் மாலையும் ஏறிச் சீவ வேண்டும். ஆழமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். சீவாமல் விட்டாலோ வாய் அடைத்துக்கொள்ளும். சொட்டுகிற சாற்றில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை. காற்றிலும் பழைய கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அதைப் பிடித்துக்கொள்ள, மரத்திலேயே நுரை கட்டத் தொடங்குகிறது. சுண்ணாம்பு சேர்ந்தால் ஈஸ்டுக்கு அங்கே வேலையில்லை. பீருக்கு பார்லியை முளைகட்டி, கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் கலந்து நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். கள்ளுக்கு அடுப்பே வேண்டாம். சில மணி நேரத்தில் நான்கைந்து சதவீத ஆல்கஹால் சேர்ந்துவிடும், ஏறத்தாழ பீர் அளவுக்கு. மறுநாளே புளித்துக் காடியாகத் தொடங்கும் என்பதால் பதுக்கிவைத்தும் பயனில்லை!

1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971இல் கடைகள் திறந்தன, பிறகு மூடின, 1981இல் மறுபடி திறந்தன. 1987 முதல் கள்ளுக்கு நிரந்தரப் பூட்டு. 2003இலிருந்து சில்லறை மதுவிற்பனை டாஸ்மாக் கையில். அங்கே விற்கும் பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். விவசாயிகளுக்கு வயிற்றெரிச்சல் வருவது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். கள் இயக்கத்தின் நல்லசாமி, கள்ளைத் தடைசெய்ய வேண்டிய போதைப்பொருள் என்று நிரூபித்தால் 10 கோடி ரூபாய் பரிசு என்றே சவால் விட்டார். 2025 ஜூனில் நாம் தமிழர் கட்சியின் சீமான் தூத்துக்குடி மாவட்டத்துப் பெரியதாழையில் பனையேறிக் கள் இறக்கியது செய்திகளில் வந்தது.

கடலுக்கு அப்பாலும் இதே கதை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு போனபிறகும், வீட்டில் ஒயின் தயாரிக்கக் கிடைத்த அனுமதி பீருக்குக் கிடைக்கவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகள் ஜனங்கள் சமையலறையில் சத்தமில்லாமல் காய்ச்சினார்கள். 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் சட்டத்தில் கையெழுத்திட்டார்: பெரியவர் ஒருவர் ஆண்டுக்கு 100 கேலன், அதாவது சுமார் 378 லிட்டர், வரியில்லாமல் வீட்டில் காய்ச்சலாம், விற்கக் கூடாது. அந்த டிசம்பரிலேயே சார்லி பாப்பசியன் கொலராடோவில் வீட்டு பீர்க்காரர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கிப் பத்திரிகையும் போட்டார். காய்ச்சும் சாமான்களுக்குக் கடை வைத்திருந்த கென் கிராஸ்மன் 1980இல் சியரா நெவாடா ஆலையைத் தொடங்கினார். ஆனால் அலபாமாவும் மிசிசிப்பியும் இறங்கிவர 2013 ஆனது.

கள்ளைத் திறந்தால் கலப்படம் வரும் என்ற பயம் வீண் பயமல்ல. 2025 ஜூலையில் ஹைதராபாத் கூகட்பள்ளியில் கலப்படக் கள் உயிர்களைக் குடித்தது. அதற்காக, தன் தோட்டத்துப் பனையில் அளவாக இறக்கி அன்றே தீர்க்கிறவரையும் கலப்பட வியாபாரியையும் ஒரே சட்டப்பிரிவில் நிறுத்துவது நியாயமாகப் படவில்லை.

இந்த உரைக்காக அன்னவாசல் பக்கம் மரமேறும் பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தபோது, "தடையை எடுத்துட்டா ஏறுவீங்களாய்யா?" என்று கேட்டேன். "நான் ஏறுவேன் தம்பி, எம்மகன் ஏறமாட்டான்" என்றார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாராம்.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை, சாலையோரம் பதநீர்ப் பானையைக் கண்டால் நேயர்கள் வண்டியை நிறுத்தி ஒரு பட்டை வாங்கிக் குடிப்பார்கள், பேரம் பேசாமல் காசு கொடுப்பார்கள் என்று நம்பலாம்.