நுங்கு வண்டி சொல்லித்தந்த பாடம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உடன்குடி என்றதும் உங்கள் நாக்கில் கருப்பட்டி இனிக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பட்டி அது. எனக்கோ முதலில் நினைவுக்கு வருவது நுங்கு வண்டிதான்.

என் சிறுவயதில் கடைப் பொம்மை வேண்டுமென்றால் குலசை தசராவுக்குக் காத்திருக்க வேண்டும். மற்ற நாள்களில் பனைதான் எங்கள் பொம்மைக்கடை. நுங்கு தின்ற வெறுங்காய் இரண்டைக் குச்சியால் இணைத்து, கவட்டைக் கம்பால் தள்ளினால் வண்டி. ஓலைத்துண்டு இரண்டைக் குறுக்காக வைத்து உடைமுள்ளால் குத்தினால் காற்றாடி. ஓலையை முடைந்து உள்ளே சிறுகல் போட்டால் தங்கைக்குக் கிலுகிலுப்பை. இது நேற்றைய பழக்கமும் அன்று. பட்டினப்பாலையிலேயே சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டுகிறார்கள்.

இவ்வளவும் அறிந்த நான், ஆசிரியரான புதிதில் ஒரு தவறு செய்தேன். மூன்றாம் வகுப்பில் ஒரு மாணவன், பனையேறும் குடும்பம். வாசிக்கச் சொன்னால் தலைகுனிந்து நிற்பான். ஜூனில் பள்ளி திறந்த வாரம், அவன் பைக்குள் இருந்த நுங்கு வண்டியைப் பிடுங்கிச் சன்னல் வழியே எறிந்தேன்.

மறுநாள் அவன் வரவில்லை. மூன்றாம் நாள் தேடிப் போனேன். கருப்பட்டி காய்ச்சும் விடிலிக்குப் பக்கத்தில் அமர்ந்து காய்களை அளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதுக்குடா அளக்குற?" என்றேன்.

"ஒண்ணு சின்னதா இருந்தா, வண்டி அந்தப் பக்கமாவே திரும்பும் சார்."

ஆரமும் பரிதியும் பெரிய வகுப்புப் பாடம். பெயர் தெரியாமலே அவன் அதைக் கையால் அறிந்திருந்தான். அவன் அம்மா முன்னிலையில் அவனிடம் வருத்தம் தெரிவித்தேன்.

மறுநாள் வண்டியோடு வந்தான். செய்முறையை அவன் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதினேன். தன் சொற்கள் என்பதால் எழுத்துக்கூட்டி வாசித்தான். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. ஆனால், தலைகுனிவது நின்றது.

2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் இன்று விளையாட்டும் செயல்பாடும் பாடத்திற்குள்ளேயே வந்துவிட்டன. பழைய பொம்மைகளைக் கண்காட்சியில் வைத்துப் பெருமூச்சு விட வேண்டாம். குழந்தைகளையே செய்யச் சொல்வோம். முள் குத்தும் வேலையை மட்டும் நாம் செய்து கொடுப்போம். பிறகு, "எப்படிச் செய்தாய்?" என்று கேட்டுவிட்டு, பதிலை முழுதாகக் கேட்போம்.