வியாபாரம் யார் பெயரில்?

 

இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில் கடையநல்லூர் இருக்கிறது. சென்ற நூற்றாண்டில் நெசவு நலிந்தபோது அவ்வூர் முஸ்லிம்கள் சிங்கப்பூருக்குக் கப்பலேறினர். பிற ஊர்த் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் பெரும்பாலும் மனைவி மக்களை ஊரில் விட்டுச் சென்ற காலத்தில், இவர்கள் குடும்பத்தோடு சென்றார்கள். அங்கே பெண்கள் மசாலா அரைத்துச் சந்தையில் விற்றார்கள். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அமைந்தது. 1946இல் அதன் முயற்சியால் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி தொடங்கிற்று. சங்கத்தின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. மசாலா அரைத்தவர்களின் பெயர் எங்கே இருக்கிறது?

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மக்காவில் இருந்தபடியே ஷாம் தேசத்துக்குச் சரக்கு அனுப்பியவர்கள். முதல் அவர்களுடையது, உழைப்பு பிறருடையது. அண்ணல் நபி (ஸல்) அவர்களே அச்சரக்கை எடுத்துக்கொண்டு, மைஸரா உடன்வரப் பயணம் சென்றார்கள். முதலாளி ஒரு பெண் என்பதை எவரும் மறைக்கவில்லை.

நம் வீடுகளைப் பாருங்கள். மலேசியாவிலோ வளைகுடாவிலோ உழைக்கும் சகோதரி பணம் அனுப்புகிறார்; இராஜபாளையத்தில் தம்பி ஜவுளிக்கடை திறக்கிறார். அல்லது கணவர் கடல் கடந்திருக்க, ஸ்ரீவில்லிபுத்தூரில் மனைவி கல்லாவில் அமர்ந்து, சரக்கெடுத்து, நிலுவை வசூலித்துக் கடையை நடத்துகிறார். உரிமம், வங்கிக் கணக்கு, வாடகைப் பத்திரம் யாவும் ஆண் பெயரில்! கேட்டால், "நமக்குள் என்ன எழுத்து?" என்கிறோம்.

அந்தத் தம்பி மவ்த்தாகிவிட்டால்? வாரிசுகள் கடையைப் பாகம் பிரிப்பார்கள். அக்காவுக்குச் சேரவேண்டியதை ஒதுக்கிய பிறகே பாகப்பிரிவினை என்பது ஷரீஅத். ஆனால் அவர் முதல் போட்டார் என்பதற்கு அத்தாட்சி ஏது?

பெண் சம்பாதித்ததில் பெண்ணுக்கே பாத்தியதை என்பது அந்நிஸா அத்தியாயம் 32ஆம் வசனத்தின் தீர்ப்பு. மனைவி செல்வந்தராயினும் குடும்பச் செலவு கணவர் மீதே கடமை. மனைவி மனமுவந்து கொடுத்தால் அது தர்மம். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவி ஸைனப் (ரலி) இதுபற்றிக் கேட்டபோது, இரட்டைக் கூலி உண்டென நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். மனமுவந்து என்பதைக் கவனியுங்கள். கேட்காமல் எடுத்துக்கொள்வது அதில் சேராது.

குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எது தெரியுமா? கடனை எழுதிவைக்கச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனம்தான். அக்கா தம்பிக்கு அதில் விலக்கில்லை. அனுப்பிய பணம் கடனா, அன்பளிப்பா, கூட்டு முதலா என்று எழுதுங்கள். கூட்டு முதலாயின் இலாபத்தில் பாதி, மூன்றில் ஒன்று என்று விகிதம் பேசவேண்டும். இலாபமோ நஷ்டமோ மாதம் இத்தனை ரூபாய் என்று நிர்ணயித்தால் வட்டியின் வாசலில் போய் நிற்போம். சகோதரி அடுத்த விடுமுறைக்கு ஊர் வரும்போது சாட்சிகளை அழைத்து ஒப்பமிடுங்கள். ஒரு பிரதியை அவருடைய பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.