கட்டுரையால் எழுந்த கட்டடம்



"கட்டுரை எழுதி என்ன பயன், சேர்?" என்று உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். அவனுக்கு நான் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே, ஒவற்றோனா என்னும் சிறு பட்டினத்துக் கடைவீதியிலுள்ள ஒரு கட்டடத்தின் கதையைச் சொன்னேன்.

அங்கு தேசிய விவசாயிகள் வங்கியை நடத்தியவர் காள் பெனற். இசையில் தோய்ந்த மனிதர். அக்கால வங்கிகள் கிரேக்க, உரோமக் கோயில்களின் சாயலில் எழுந்தன. அது அவருக்கு உவப்பாயில்லை. அவ்வேளை, கட்டடக்கலைஞர் லூயிஸ் சலிவன் எழுதிய கட்டுரையொன்றைச் சஞ்சிகையில் வாசித்தார். சிக்காகோவில் வேலை அருகி வாடிக்கொண்டிருந்த சலிவனை 1906இல் அழைத்தார்.

1908இல் வங்கி எழுந்தது. செங்கல்லாலான சதுரக் கட்டடம். தெருவை நோக்கி வானவில்லெனப் பெருவளைவுச் சாளரங்கள். அலங்காரங்களில் பெரும்பங்கு சலிவனின் உதவியாளர் எல்ம்ஸ்லியின் கைவண்ணம். உட்சுவர்களிலே பசுக்களும் அறுவடையும் ஓவியங்களாயின. பணம் போட வந்த கமக்காரன் தன் வாழ்வையே சுவரிற் கண்டான். அடுத்தாற்போல் கடைகளும் அலுவலகங்களும் அமைந்தன.

ஆனால், அவ்விருவருக்கும் முடிவு இனிதாயில்லை. சலிவன் 1924இல் வறுமையில் இறந்தார். 1926இல் வங்கி முறிந்து, பெனற்றின் கைவிட்டுப் போயிற்று. 1940இல் திருத்தம் என்ற பெயரில் உள்ளழகைச் சிதைத்தார்கள். 1958இல் மற்றொரு கலைஞர் அதைக் கூடியவரை மீட்டார். 1981இல் அமெரிக்க முத்திரையொன்றில் அக்கட்டடம் இடம்பெற்றது.

"தம்பி, எழுதியவரும் போனார், வாசித்தவரும் போனார். கட்டடம் நிற்கிறது. உன் கட்டுரையை எவர் வாசிப்பாரென்று உனக்குத் தெரியுமா?" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை, கொப்பியைத் திறந்தான்.