சிறுநீரகம் செய்வது சிறுநீர் மட்டுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் உயிரியல் மாணவர்களுக்காக ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மனித உடலின் மண்டலங்களைப் பற்றிப் பேசும்படி ஏற்பாட்டாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். செரிமான மண்டலம், சுவாச மண்டலம், நரம்பு மண்டலம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனால் அது உங்கள் பாடநூலின் பொருளடக்கத்தை வாசித்ததாகத்தான் இருக்கும். ஆகவே, ஒரே ஓர் உறுப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம் ஒரு மாணவி.

சிறுநீரகப் பாடத்தில் நல்ல புள்ளிகள் பெற்றவள் அவள். படத்தை வரைந்து பாகங்களைப் பிழையில்லாமல் குறிப்பாள். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்து, "சார், அப்பாவுக்குக் கெட்டுப் போனது கிட்னி. ஆனால் ரத்தம் ஊற ஊசி போடுகிறார்கள், எலும்புக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். வேறு நோயும் வந்துவிட்டதா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. தேர்வுக்கு வேண்டியதை நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த வீட்டுக்கு வேண்டியதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

முதலில் பெயரைப் பாருங்கள். மலாயில் 'புவா பிங்காங்' என்கிறோம், அதாவது இடுப்புப் பழம். தமிழில் நம் தாத்தா பாட்டி 'குண்டிக்காய்' என்றார்கள். ஆட்டிறைச்சி வாங்கப் போனால் இன்றும் அந்தச் சொல்லைக் கேட்கலாம். ஒருவருக்கு அது பழம், மற்றவருக்குக் காய்! இரண்டு பெயருமே உறுப்பு இருக்கும் இடத்தைச் சொல்லி நிறுத்திக்கொண்டன. நாம் இன்று எழுதும் 'சிறுநீரகம்' என்ற சொல் அதன் வேலைகளில் ஒன்றை மட்டும் சொல்லி, மற்றவற்றை மறைத்துவிட்டது. மாணவியின் குழப்பத்துக்கு இந்தப் பெயரும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சரி, அந்த முதல் வேலையைப் பார்ப்போம். ஒரு சிறுநீரகம் ஏறக்குறைய 150 கிராம் எடைதான். இரண்டையும் சேர்த்தாலும் உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் 5 லிட்டர் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இவற்றுக்குப் போகிறது. உள்ளே ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நெப்ரான்கள். ஒவ்வொரு நெப்ரானின் தலைப்பிலும் தந்துகிகள் நூல்கண்டுபோல் சுருண்டு கிடக்கும். 1666-இல் இத்தாலியின் மால்பீகி உருப்பெருக்கியில் கண்டது இந்த முடிச்சுகளைத்தான். அதைச் சுற்றியுள்ள கிண்ணத்தையும் குழலையும் இணைத்து விளக்கியவர் லண்டனைச் சேர்ந்த போமன். ஆண்டு 1842. 'போமன் கிண்ணம்' என்று நீங்கள் குறிப்பது அவர் பெயரைத்தான்.

இங்கே ஒரு நாளில் வடிகட்டப்படும் நீர் 180 லிட்டர். அலுவலகங்களில் கவிழ்த்து வைத்திருக்கும் 20 லிட்டர் தண்ணீர்ப் போத்தல்களில் ஒன்பது! ஆனால் நாம் கழிப்பதோ ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி எங்கே போயிற்று? நெப்ரானின் நீண்ட குழல்கள் நீரையும் உப்பையும் சர்க்கரையையும் திரும்ப உறிஞ்சிக்கொண்டன. அலமாரியைச் சுத்தம் செய்யும்போது குப்பையைத் தேடிப் பொறுக்குவதற்குப் பதில், எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிட்டு வேண்டியதை மட்டும் உள்ளே வைப்போமே, அந்த முறை. புதிதாக எந்த நச்சு வந்தாலும், அதை முன்பின் அறிந்திராவிட்டாலும், பெரும்பாலும் வெளியே தள்ளிவிட முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சர்க்கரையைத் திரும்ப எடுப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ரத்தத்தில் அது லிட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லிமோலைத் தாண்டும்போதுதான் சிறுநீரில் வழியத் தொடங்கும். 'இனிப்பு நீர்' என்று நாம் சொல்வது அந்த நிலையைத்தான். ஆனால் வெறும் வயிற்றில் 7 இருந்தாலே அது நீரிழிவு. ஆக, சிறுநீரில் இனிப்பில்லை, எறும்பு மொய்க்கவில்லை என்று நிம்மதி அடைவதற்கு இடமே இல்லை.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ரத்தத்தில் உயிர்வாயு குறைகிறதா என்பதைச் சிறுநீரகம் கவனிக்கிறது. குறைந்தால் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து எலும்பு மச்சைக்கு அனுப்புகிறது. அது போய்ச் சேர்ந்தால்தான் அங்கே சிவப்பணுக்கள் போதுமான அளவு உருவாகும். வெயிலாலும் உணவாலும் கிடைக்கும் வைட்டமின் டி-யைச் செயல்படும் நிலைக்குக் கொண்டுவரும் கடைசிப் படியும் பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான். அது நடக்காவிட்டால் குடல் சுண்ணாம்புச் சத்தைச் சரியாக உறிஞ்சாது, எலும்பு தளரும். ரெனின் வழியாக ரத்த அழுத்தத்தையும் அது கட்டுப்படுத்துகிறது. ஆக அப்பாவுக்கு வந்தது மூன்று நோயல்ல. ரத்த ஓட்ட மண்டலம் ஓர் அத்தியாயம், எலும்பு மண்டலம் இன்னோர் அத்தியாயம் என்று பிரித்தது பாடநூல். உடலுக்குள் அந்தப் பிரிவுகள் இல்லை.

டயாலிசிஸ் இயந்திரம் இருக்கிறதே என்பீர்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் விஸ்கிங் குழாயில் மாவுக் கரைசலையும் சர்க்கரைக் கரைசலையும் ஊற்றிச் சோதனை செய்கிறோம் அல்லவா? அதே வகைச் செல்லோஃபேன் குழாயை, சாசேஜ் தோலாகப் பயன்பட்டதை, மர உருளையில் சுற்றி 1943-இல் நெதர்லாந்தில் டாக்டர் வில்லெம் கோல்ஃப் செயற்கைச் சிறுநீரகம் செய்தார். நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்த காலம் அது. தொடக்கத்தில் ஒருவர் பின் ஒருவராகப் பல நோயாளிகள் இறந்தார்கள். 1945-இல் 67 வயது மூதாட்டி ஒருவர் பிழைத்தார். இன்றைய இயந்திரங்களுக்கும் அடிப்படை அதுவே.

ஆனால் அந்த இயந்திரம் வடிகட்டும், ஹார்மோன் சுரக்காது. ஆகவேதான் ஊசி, ஆகவேதான் மாத்திரை. மேலும், வாரத்துக்கு மூன்று முறை, நான்கு நான்கு மணி நேரம் என்றால் 12 மணி நேரம். நம் சிறுநீரகமோ வாரத்தின் 168 மணி நேரமும் உழைக்கிறது. இடைப்பட்ட நாள்களில் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். உடம்புக்குக் குளிர்ச்சி என்று நாம் பாசத்தோடு வெட்டிக் கொடுக்கும் இளநீரில் பொட்டாசியம் நிறைய. பெலிம்பிங் பழமோ இன்னும் மோசம். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அளவோடு சாப்பிட்டால் ஒன்றும் செய்யாத அந்தப் பழத்தின் நச்சு, சிறுநீரகம் செயலிழந்தவரின் மூளையைத் தாக்கி, நிற்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோய்விடும். உயிரிழந்தவர்களும் உண்டு. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் பழக்கூடை வாங்கும்முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மாணவி அடுத்து, "அப்பாவுக்கு முன்கூட்டியே ஏன் தெரியவில்லை?" என்றாள். பிறந்த பின் புதிய நெப்ரான் உருவாவதில்லை. சில அழிந்தால் மற்றவை அவற்றின் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும். வலிக்காது, சிறுநீரும் வழக்கம்போல் போகும். ஒரு சிறுநீரகத்தைத் தானம் கொடுத்தவர் நலமாக வாழ முடிவதும் இதே தாங்கும் சக்தியால்தான். ஆனால் நோய் வந்தவர் விஷயத்தில் அதுவே இழப்பை மறைத்துவிடுகிறது. கால் வீங்கி, மூச்சு வாங்கி மருத்துவமனைக்கு வரும்போது பெரும்பகுதி போய்விட்டிருக்கும்.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. இந்தியர்களிடையே ஏறக்குறைய மூவரில் ஒருவர். இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவே காரணம். அதிகச் சர்க்கரையும் உயர் ரத்த அழுத்தமும் ஆண்டுக்கணக்கில் அந்தத் தந்துகி முடிச்சுகளைச் சிதைக்கின்றன. வடிகட்டி பழுதாகும்போது முதலில் கசிவது அல்புமின் என்ற புரதம். சிறுநீரில் அல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின், இந்த இரண்டு சோதனைகளும் அரசாங்க கிளினிக்கிலேயே செய்யக்கூடியவை. கால் வீங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவை சொல்லிவிடும். அந்தக் கட்டத்தில் மருந்தாலும் கட்டுப்பாட்டாலும் பாதிப்பை மெதுவாக்கலாம். போன நெப்ரானைத் திருப்பித் தர முடியாது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்த மாணவி ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். இரண்டு வாரம் கழித்து வந்தாள். அம்மாவையும் அண்ணனையும் கிளினிக்குக்கு அழைத்துப் போனாளாம். அண்ணன், "எனக்கு இருபத்து நான்கு வயதுதானே" என்று முரண்டு பிடித்திருக்கிறார். அவருக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்குத்தான் அல்புமின் கொஞ்சம் கசிந்திருக்கிறது. மருந்து கொடுத்து, மூன்று மாதத்தில் மறுபடியும் சோதிக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவுக்கு இளநீர் வாங்குவதையும் நிறுத்திவிட்டார்களாம்.

நேரம் முடிந்ததென்று ஏற்பாட்டாளர் கை காட்டுகிறார். மாணவர்களின் கேள்விகளுக்குக் காத்திருக்கிறேன்.