ராகி நல்லது, எவ்வளவு?

 

பெங்களூரில் காலை நேரத்தில் டீக்கடைக்குப் போய்ப் பாருங்கள். ஒரே பேப்பரைப் பத்துப் பேர் பங்கு போட்டுப் படிப்பார்கள். ஒருவர் சத்தமாகப் படிப்பார். மற்றவர்கள் கேட்பார்கள். அதில் சாப்பாட்டைப் பற்றி ஏதாவது ஒரு செய்தி இருக்கும். ராகி சாப்பிடுங்கள். உப்பைக் குறையுங்கள். கீரையை விடாதீர்கள். ரேடியோவில் இதே பேச்சு. டி.வி.யிலும் இதே பேச்சு. இப்போது கைபேசியிலும் வருகிறது.

இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்? கேட்பவர் எப்படிக் கேட்க வேண்டும்? இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான்.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஸ்ரீராமபுரத்தில் ஒரு சந்து. கணவர் பெயிண்ட் அடிக்கும் வேலை செய்கிறார். வயது ஐம்பது. மூன்று வருடமாகச் சர்க்கரை நோய். மனைவி பீன்யாவில் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறார். கணவர் பெரியவரான பிறகுதான் படிக்கக் கற்றவர். அதனால் எதைக் கண்டாலும் எழுத்துக் கூட்டிப் படிப்பார். பஸ் போர்டைக்கூட விடமாட்டார்.

ஒரு நாள் பேப்பரில் பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு. 'சர்க்கரை நோய்க்கு ராகி நல்லது.' படித்ததும் அவருக்குச் சந்தோஷம். அன்றே அரிசிச் சோற்றை விட்டார். காலையில் பெரிய டம்ளரில் ராகிக் கஞ்சி, வெல்லம் போட்டு. மத்தியானம் மூன்று உருண்டை களி. இரவும் அதே. ஒரு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தார். சர்க்கரை குறையவில்லை. முன்பைவிட ஏறியிருந்தது.

"பேப்பர்காரன் பொய் எழுதிவிட்டான்" என்று அவருக்குக் கோபம்.

பேப்பர் பொய் சொல்லவில்லை. தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு உணவு ஆலோசகர் விவரமாகச் சொல்லியிருந்தார். ராகியிலும் மாவுச்சத்துதான் அதிகம். அதை அரிசிக்குப் பதிலாக, அளவோடு சாப்பிட வேண்டும். கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை சீக்கிரம் ஏறும். கீரையும் பருப்பும் சேர்த்துச் சாப்பிட்டால் மெதுவாக ஏறும். இவ்வளவும் கீழே இருந்தது. தலைப்பில் 'நல்லது' மட்டும் வந்தது. 'எவ்வளவு' என்பது வரவில்லை. இதில் தலைப்புப் போட்டவருக்கும் பங்கு உண்டு. பாவம், படித்தவர் மேல் மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

உணவு ஆலோசகர் என்றால் யார்? டயட்டீஷியன் என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். எந்த நோய்க்கு எந்தச் சாப்பாடு, எவ்வளவு என்று படித்துப் பட்டம் வாங்கியவர் இவர். நம் நாட்டில் இவர்களுக்கு 1963-இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் முதல் தலைவர் டாக்டர் சி. கோபாலன். எந்த உணவில் என்ன சத்து எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் புத்தகம் எழுதியவர் அவர். 2021-இல் வந்த ஒரு சட்டமும் இந்தத் தொழிலை மருத்துவம் சார்ந்த தொழிலாகச் சேர்த்திருக்கிறது.

இந்த ஆராய்ச்சிக்கு விதை விழுந்தது தமிழ்நாட்டில்தான். 1918-இல் நீலகிரி மாவட்டம் குன்னூரில், ராபர்ட் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் ஒரே ஓர் அறையில் வேலையைத் தொடங்கினார். பிறகு அது பெரிய நிலையமாக வளர்ந்தது. 1958-இல் ஐதராபாத்துக்குப் போனது. இன்று அதற்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர். 2024 மே மாதம் அந்த நிறுவனம் மக்கள் என்ன சாப்பிட வேண்டும் என்று 17 அறிவுரைகளை வெளியிட்டது. பேப்பரிலும் டி.வி.யிலும் அந்தச் செய்தி வந்தது.

அதில் ஒன்று அந்த வீட்டு மனைவிக்குச் சொன்னது போலவே இருந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும், ஒரு மணி நேரம் பின்பும் டீ, காபி குடிக்க வேண்டாம் என்பது அது. ஏன்? டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். இரும்புச்சத்து குறைந்தால் ரத்தசோகை. மூச்சு வாங்கும். தலை சுற்றும். தையல் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் உட்காரும் பெண்ணுக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். 2019 முதல் 2021 வரை அரசு எடுத்த கணக்குப்படி, நம் நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை.

அந்த அம்மா தினமும் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்ததும் டீ குடிப்பவர். இப்போது அந்த டீயைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டார். கீரையில் எலுமிச்சைச் சாறு பிழிகிறார். புளிப்பு சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக ஏறும். இதற்கு அதிகச் செலவு இல்லை. ஆனால் ரத்தம் மிகவும் குறைந்தவர்களுக்குச் சாப்பாடு மட்டும் போதாது. டாக்டர் கொடுக்கும் மாத்திரையும் வேண்டும். அந்த மாத்திரையையும் டீயோடு விழுங்கக் கூடாது.

சரி, ராகிக்கு வருவோம். இந்தியாவிலேயே கர்நாடகத்தில்தான் ராகி அதிகம் விளைகிறது. நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு வெள்ளை அரிசியில் 10 மில்லிகிராம்தான். எலும்புக்கும் பல்லுக்கும் இந்தச் சத்து வேண்டும். கர்நாடக அரசு 2024 பிப்ரவரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாலோடு ராகி மாவு கலந்து கொடுக்கத் தொடங்கியது.

இந்த ஊர்க்காரர்கள் ராகிக் களியைத் தனியாகச் சாப்பிடுவதில்லை. பஸ்ஸாரு என்று ஒன்று வைப்பார்கள். கீரையையும் பருப்பையும் சேர்த்து வேகவைப்பார்கள். வடித்த தண்ணீரில் மிளகு, சீரகம், பூண்டு அரைத்து விட்டுக் குழம்பு. வெந்த கீரையையும் பருப்பையும் தாளித்துப் பொரியல். களி ஒரு உருண்டை, குழம்பு, பொரியல். ஆலோசகர் பேப்பரில் எழுதியதும் இதுதான். பக்கத்து வீட்டுக் கன்னடப் பாட்டியைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

அடுத்தது விளம்பரம். இது கொஞ்சம் ஏமாற்றும். பேப்பரில் செய்திக்குப் பக்கத்திலேயே டப்பா பானத்தின் விளம்பரம் வரும். குடித்தால் பிள்ளை உயரமாக வளரும் என்பார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்பார். அவர் டாக்டராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 'ஹெல்த் டிரிங்க்' என்ற பெயருக்குச் சட்டத்தில் விளக்கமே இல்லை. அதனால் 2024 ஏப்ரலில், இப்படிப்பட்ட பானங்களை அந்தப் பெயரில் விற்க வேண்டாம் என்று இணையக் கடைகளுக்கு மத்திய அரசு சொன்னது.

டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று வரிசையாக இருக்கும். எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரும். முதல் இரண்டு மூன்று பெயர்களில் சர்க்கரை இருந்தால் புரிந்துகொள்ளலாம். ஆனால் ஒரு குறை. இதை இங்கிலீஷிலோ இந்தியிலோ போட்டால் போதும் என்பதுதான் விதி. தமிழ் படிக்கக் கற்றவர் டப்பாவைத் திருப்பினால் ஒன்றும் புரியாது. அந்தந்த ஊர் மொழியில் போடச் சொல்லிச் சட்டம் வரவேண்டும். அதுவரை பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

உடம்பு ஏற்றும் புரோட்டீன் மாவு வேண்டாம் என்றும் 2024 அறிவுரை சொல்கிறது. வாலிபப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கொடுத்து அதை வாங்குகிறார்கள். பசவனகுடியில் கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமை கடலைக்காய்த் திருவிழா நடக்கிறது. தெரு முழுக்க வேர்க்கடலை மலை மலையாகக் குவிந்திருக்கும். நூறு கிராம் கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் பயந்து கேட்க வேண்டும். பேப்பரிலும் ரேடியோவிலும் வரும் அறிவுரை பொதுவானது. கேட்பவருக்கு என்ன நோய் என்று சொல்பவருக்குத் தெரியாது. இளநீர் நல்லது என்று படிக்கிறோம். நல்லதுதான். ஆனால் சிறுநீரகம் கெட்டவருக்கு அது ஆபத்து. இளநீரில் பொட்டாசியம் என்ற உப்பு அதிகம். கெட்ட சிறுநீரகத்தால் அதை வெளியே தள்ள முடியாது. அது ரத்தத்தில் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். உப்புக்குப் பதிலாக விற்கும் சோடியம் குறைந்த உப்பிலும் இதே பொட்டாசியம்தான். சர்க்கரை, சிறுநீரகம், இதய நோய் உள்ளவர்கள் பேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு போய், தங்கள் டாக்டரிடமோ உணவு ஆலோசகரிடமோ காட்டிக் கேட்க வேண்டும்.

அந்தப் பெயிண்டரும் அப்படித்தான் போனார். பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் அம்மா அதை வாங்கிப் படித்தார்.

"ஐயா, சரியாத்தான் போட்டிருக்காங்க. நீங்க எத்தனை உருண்டை சாப்பிடுறீங்க?"

"மூணு மேடம்."

"கஞ்சிக்கு வெல்லம்?"

அவர் பதில் சொல்லவில்லை. மனைவி சொன்னார். ஆலோசகர் சிரித்தார். பிறகு ஒரு சீட்டில் ஒரு நாளைக்கு எதை எவ்வளவு என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இப்போது அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது.

இப்போதும் அவர் காலையில் பேப்பரை விரித்துத் தலைப்பைச் சத்தமாகப் படிக்கிறார். உடனே அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வருகிறது.

"கீழே என்ன போட்டிருக்குன்னு படிங்க."