போற்றும் வாழ்வுகள் காட்டும் வழி



பெரிய சிவாலயங்களின் திருச்சுற்றை வலம் வருவோர் ஒரு நீண்ட வரிசையைக் கடந்து செல்வர். கூப்பிய கரங்களோடு நிற்கும் அறுபத்துமூன்று நாயன்மார்களின் திருவுருவங்களே அவை. அந்த வரிசையில் மணிமுடி தரித்த மன்னர் உண்டு. பானை வனைந்த குயவர் உண்டு. வேடர், மீனவர், நெசவாளர், ஆடை வெளுப்பவர், உழவர், வணிகர் எனப் பல தொழிலோரும் உண்டு. காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் ஆகிய மூன்று பெண்மணிகளும் உண்டு. இறைவனை வணங்க வருவோரின் பாதையில் மனிதர்களின் உருவங்களையும் முன்னோர் நிறுத்தி வைத்தனர். எத்தொழில் செய்வோரும் உயரலாம், உயர்ந்தோரை அன்றாடம் கண்டால் அந்த எண்ணம் உள்ளத்தில் வேரூன்றும் என்பதே அதன் கருத்து.

எட்டாம் நூற்றாண்டில் சுந்தரர் அடியார்களின் பெயர்களை வரிசைப்படுத்தித் திருத்தொண்டத்தொகை பாடினார். நம்பியாண்டார் நம்பி அதனைத் திருத்தொண்டர் திருவந்தாதியாக விரித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழப் பேரரசின் அமைச்சராக விளங்கிய சேக்கிழார் அதனையே பெரியபுராணமாக வளர்த்தார். பெரியோர் வாழ்க்கையைப் படித்து உயர்வது தமிழருக்குப் புதிய செய்தியன்று. பல நூற்றாண்டுகளாகப் போற்றி வரும் மரபாகும்.

ஆயினும், போற்றுவது வேறு, பின்பற்றுவது வேறு. இன்று பலரும் ஒருவரைப் போற்றும்போது அவர் அடைந்த புகழையும் பதவியையும் பட்டத்தையும் மட்டுமே காண்கின்றனர். சுவரில் படத்தை மாட்டுகின்றனர். பிறந்தநாளில் மாலை சூட்டுகின்றனர். அவரைப் போல் ஆகவேண்டும் எனப் பிள்ளைகளிடம் கூறுகின்றனர். ஆனால் அவர் அந்நிலையை எவ்வாறு அடைந்தார், தோற்றபோது என்ன செய்தார், யாரும் பாராத நாள்களில் எதனைக் கைவிடாது காத்தார் என்று ஆராய்வோர் சிலரே. பெரியோர் வாழ்விலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது அந்த நாள்தோறும் செய்த பயிற்சியே.

திருவாரூர்த் தண்டியடிகள்

தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர். திருவாரூர்க் கோயிலின் குளம் தூர்ந்து சுருங்குவதை அறிந்து, அதனைத் தாமே தோண்டி ஆழப்படுத்த முனைந்தார். குளத்தின் உள்ளே ஒரு கம்பையும் கரையில் ஒரு கம்பையும் நட்டு, இரண்டையும் கயிற்றால் இணைத்துக் கட்டினார். கயிற்றைத் தடவியபடியே இறங்கி மண்ணை வெட்டினார். கயிற்றைத் தடவியபடியே ஏறி மண்ணைக் கொட்டினார். கண்டோர் சிலர் ஏளனம் செய்தனர். அவர் பணியை நிறுத்தவில்லை. முடிவில் இறையருளால் பார்வை பெற்றார் எனப் பெரியபுராணம் கூறும்.

பார்வை பெற்ற அற்புதத்தை எண்ணி வியப்போர் அந்தக் கயிற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தம்மிடம் இல்லாததை நினைந்து அவர் சோர்ந்திருக்கவில்லை. இருக்கும் இரு கரங்களுக்கு ஏற்ற வழியைக் கண்டார். அற்புதம் இறைவனின் செயல். கயிறு கட்டியது மனிதனின் செயல். பின்பற்றுவோருக்கு உரியது அந்தக் கயிறே.

மலாயாவில் பணியாற்றிய மருத்துவர்

பழங்கதைகள் இக்காலத்திற்குப் பொருந்துமா என இளைஞர்கள் வினவலாம். அவர்களுக்கு மிக அண்மைக் காலத்து வாழ்வு ஒன்று உண்டு. அது இம்மண்ணோடும் தொடர்புடையது.

திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887ஆம் ஆண்டு பிறந்த குப்புசாமி என்பவர் மருத்துவம் கற்று, 1913இல் மலாயாவுக்கு வந்தார். சிரம்பான் வட்டாரத்தில் தோட்ட மருத்துவமனையில் பணியாற்றினார். பின்னர் ஜொகூர் பாருவில் தொண்டு புரிந்தார். ஏழை நோயாளிகளிடம் பணம் பெறாததோடு தம் கைப்பொருளையும் அளித்து அனுப்பியவர் அவர். 1923இல் அனைத்தையும் துறந்து இந்தியா திரும்பி, 1924இல் ரிஷிகேசத்தில் துறவு மேற்கொண்டார். அவரே தெய்வநெறிக் கழகத்தை 1936இல் நிறுவிய சுவாமி சிவானந்தர்.

துறவியான பின்னரும் அவர் மருத்துவத்தைக் கைவிடவில்லை. யாத்திரிகர்களுக்கும் சாதுக்களுக்கும் மருந்து அளித்து வந்தார். அன்பர்களிடம் அவர் வற்புறுத்திய பயிற்சிகளுள் ஒன்று ஆன்மிக நாட்குறிப்பு. இன்று எத்தனை மணிக்கு எழுந்தாய், எவ்வளவு நேரம் உறங்கினாய், எத்தனை முறை கோபம் கொண்டாய், எத்தனை பொய் உரைத்தாய், பிறருக்காக எவ்வளவு நேரம் உழைத்தாய் என்ற வினாக்களுக்கு ஒவ்வொரு நாளும் விடை எழுத வேண்டும். ஒரு பேனாவும் ஒரு குறிப்பேடும் இருந்தால் எவரும் இன்றிரவே தொடங்கலாம்.

ஒன்பதாம் இடம் பெற்ற இளைஞர்

1931இல் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், விமானி ஆக வேண்டும் என்ற பெருங்கனவோடு டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குச் சென்றார். எண்மர் தேர்வு பெற்றனர். அவருக்குக் கிடைத்தது ஒன்பதாம் இடம். உடைந்த உள்ளத்தோடு ரிஷிகேசம் சென்ற அவ்விளைஞர், அங்கே சுவாமி சிவானந்தரைக் கண்டார். சுவாமிகள் சமயம் பாராது அவரை அன்போடு ஏற்றார். இத்தோல்வி வேறொரு வழிக்கு அழைத்துச் செல்லும் எனத் தேற்றி அனுப்பினார். இதனைக் கலாம் அவர்களே தம் வாழ்க்கை வரலாற்றில் நன்றியோடு பதிவு செய்துள்ளார்.

பின்னாளில் அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் 1979 ஆகஸ்டு 10 அன்று கடலில் விழுந்தது. அப்போது இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்த சதீஷ் தவான், செய்தியாளர் முன் தாமே நின்று பொறுப்பை ஏற்றார். 1980 ஜூலை 18 அன்று அடுத்த முயற்சி வெற்றி பெற்றபோது, செய்தியாளரிடம் பேசுமாறு கலாமை முன்னே அனுப்பினார். தோல்வியைத் தலைவர் ஏற்று, வெற்றியைத் தம் குழுவுக்கு அளித்த அப்பண்பைக் கலாம் பல மேடைகளில் நினைவுகூர்ந்தார். 2002இல் இந்தியக் குடியரசுத் தலைவராகி, 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்களிடையே உரையாற்றும்போதே மறைந்தார்.

சிரம்பான் தோட்டத் தொழிலாளருக்கு மருந்து அளித்த கரம், பல்லாண்டுகள் கழித்து ஓர் இளைஞரின் கண்ணீரைத் துடைத்தது. ஒரு நல்வாழ்வு மற்றொரு நல்வாழ்வை ஏற்றி வைக்கிறது. ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றுவதால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை.

பத்து வெள்ளியின் பெருமை

மலேசியத் தமிழர் போற்றும் வாழ்வுகளுள் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் வாழ்வு தலையாயது. 1919இல் சுங்கை சிப்புட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராகவும், அமைச்சராகவும் விளங்கியவர். 1979இல் மறைந்தார்.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியருக்குச் சொந்தமான ரப்பர்த் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. தலைமுறைகளாக உழைத்த குடும்பங்கள் வேலையோடு குடியிருப்பையும் இழந்தன. அமைச்சராக இருந்த சம்பந்தன் அவர்கள் தோட்டந்தோறும் சென்று, தொழிலாளரே ஒன்றுகூடித் தோட்டங்களை வாங்கலாம் என எடுத்துரைத்தார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்தி 100 வெள்ளிப் பங்கினைச் சேர்க்க வழி வகுக்கப்பட்டது. அண்டை மாநிலமாகிய கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கம் முதலில் வாங்கிய தோட்டமாயிற்று. பின்னர் மேலும் பல தோட்டங்கள் அதன் உடைமையாயின.

இவ்வரலாற்றில் போற்றத்தக்கவர் தலைவர் ஒருவர் மட்டும் அல்லர். விடியற்காலையில் பால்வெட்டச் சென்று, குறைந்த கூலியில் குடும்பம் நடத்தி, அதிலும் 10 வெள்ளியை மாதந்தோறும் எடுத்து வைத்த பெயர் அறியாத தாய்மார்களும் தந்தையரும் அவ்வாறே போற்றத்தக்கவர். நூல்களில் அவர்கள் படம் இல்லை. பல இல்லங்களில் பாட்டி, தாத்தா என்ற பெயரில் அவ்வரலாறு அமர்ந்திருக்கிறது. கேட்பதற்குப் பேரப்பிள்ளைகள் முன்வர வேண்டும்.

இளைஞர்களுக்கும் பெற்றோருக்கும்

செபராங் ஜெயா, பிறை வட்டாரங்களில் வாழும் குடும்பங்களுள் பல, தோட்டத்திலிருந்து வெளியேறித் தொழிற்சாலை வேலைக்கு வந்தவை. தோட்டத்தில் ஒரு பிள்ளை தடுமாறினால் லயத்தில் உள்ள அனைவரும் தட்டிக் கேட்பர். அடுக்குமாடி வீட்டில் அத்தகைய கண்காணிப்பு இல்லை. வழிகாட்டி இல்லாத பிள்ளை கண்ணில் படுகின்ற எவரையும் தலைவராக ஏற்றுக்கொள்ளும். எனவே நல்ல வாழ்வுகளைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவது பெற்றோரின் தலையாய கடமையாகிறது.

அதற்கு எளிய வழி உண்டு. முதலாவது, ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவர் வரலாற்றை முழுமையாகப் படித்தல். தோல்வி கூறும் பக்கங்களை இருமுறை படித்தல். இரண்டாவது, அவ்வாழ்விலிருந்து ஒரே ஒரு பழக்கத்தை எடுத்தல். தண்டியடிகளிடம் இடைவிடா முயற்சி, சிவானந்தரிடம் நாட்குறிப்பு, கலாமிடம் தோல்விக்குப் பின் மீண்டெழுதல், தோட்டத் தாய்மார்களிடம் மாதச் சேமிப்பு என எதுவாயினும் ஆகுக. மூன்றாவது, அதனை ஒரு மண்டலம், அதாவது 48 நாள்கள், விரதம் போல் காத்தல். கும்பாபிஷேகத்திற்குப் பின் மண்டலாபிஷேகம் நடத்தி ஆலயத்தைப் போற்றும் மக்கள், தம் பிள்ளையின் நல்ல பழக்கத்திற்கும் அதே காலத்தை அளித்தல் பொருத்தமே.

தேர்வில் பின்தங்கிய பிள்ளையிடம், "கலாமைப் பார்" என்று கூறி ஒப்பிட்டு வருந்தச் செய்தல் வேண்டா. ஒன்பதாம் இடம் பெற்ற நாளில் கலாம் எங்கே சென்றார் என்ற கதையை அருகில் அமர்த்திச் சொல்லுதல் வேண்டும். அப்பிள்ளைக்கு அன்றைக்குத் தேவைப்படுவது ஒரு ரிஷிகேசம். அன்போடு ஏற்றுக்கொள்ளும் இல்லமே அந்த ரிஷிகேசமாக அமையலாம்.

திருவிழாவில் திருவருளைப் பெற்றுச் செல்லும் ஒவ்வொருவரும், போற்றும் ஒரு வாழ்விலிருந்து ஒரு நற்பழக்கத்தையும் உடன் எடுத்துச் செல்வாராக. முயற்சி மனிதருடையது, நிறைவு இறைவனுடையது. எல்லாரும் இன்புற்று உயர எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக.